நூற்று இருபத்தேழு ஒன்றுகள்

170141183460469231731687303715884105727.

இந்த எண்ணை ஒரு நீளத் தாளில் எழுதி, என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதாவது கணக்கு எண்ணா என்று கேட்பார்கள். மொத்தம் 39 இலக்கங்கள். நம் வழக்கில் சொல்வதென்றால் ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு கோடி கோடி கோடி கோடி கோடி. கோடியை ஐந்து முறை சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. காலை முதல் மாலை வரை எண்களோடுதான் பொழுது போகிறது. ஆனால் அந்த எண்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய சம்பளம், வரி, நிலுவை. ஆண்டு முடிந்தால் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். சுவரில் இருக்கும் இந்த எண்ணுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. இது ஒரு பகா எண். 1ஐயும் இதையும் தவிர வேறு எந்த எண்ணாலும் இதை மீதியில்லாமல் வகுக்க முடியாது. நேற்றும் முடியாது, இனி எந்த நாளிலும் முடியாது.

இதை 1876இல் ஒருவர் கண்டறிந்தார். கணிப்பொறி கிடையாது, மின்விளக்குகூட வீடுகளுக்கு வராத காலம். இயந்திரத்தின் துணை இல்லாமல் மனிதர் உறுதிசெய்த பகா எண்களில் இன்றுவரை இதுதான் மிகப் பெரியது. அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்பது எனக்குப் புரிந்த நாளிலிருந்து இந்த எண் என்னை விடவில்லை. புரிந்ததை என்னால் முடிந்த அளவுக்கு இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த எண்ணைச் சுருக்கி எழுதினால் 2¹²⁷ − 1. இரண்டை 127 முறை பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழிக்க வேண்டும். சுழி, ஒன்று என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட இரும முறையில் எழுதினால் சுழியே இல்லாமல் வரிசையாக 127 ஒன்றுகள்.

பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த வழி ஒன்று உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 127க்கு 2, 3, 5, 7, 11 என்று ஐந்து முறை வகுத்தால் போதும். சுவரில் உள்ள எண்ணின் வர்க்கமூலமே இருபது இலக்க எண். இந்த வகை எண்களுக்கு ஒரு சலுகை இருப்பது உண்மைதான். காரணி என்று ஒன்று இருந்தால் அது 254இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். அதை 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரவேண்டும். இந்தச் சல்லடையில் சலித்த பிறகும், நொடிக்கு ஒரு வகுத்தல் வீதம் உண்ணாமல் உறங்காமல் போட்டால் சுமார் 81 கோடி ஆண்டுகள் ஆகும்.

1772இல் ஆய்லர் 2³¹ − 1, அதாவது 2147483647, பகா எண் என்று காட்டியது இப்படிச் சலித்து வகுத்துத்தான். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல், இந்த வகைப் பகா எண்களில் அந்த எண்ணைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், ஆய்லரின் எண்ணிலிருந்து பிறக்கும் நிறை எண்ணைக் குறிப்பிட்டு, அந்த வகையில் இனிக் கண்டுபிடிக்கப்படப்போகும் மிகப் பெரிய எண்ணும் அதுவாகவே இருக்கும் என்று எழுதினார். நிறை எண் என்பது, தன்னைத் தவிர்த்த தன் காரணிகளைக் கூட்டினால் தானே திரும்ப வரும் எண். 6 அப்படி, 28 அப்படி. இவை வியப்புக்குரியவையே தவிரப் பயனற்றவை, எனவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மனிதர்கள் எதற்கெல்லாம் மெனக்கெடுவார்கள் என்பதை அவர் மிகவும் குறைவாக எடைபோட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நம் எண்ணிலிருந்து பிறக்கும் நிறை எண்ணுக்கு 77 இலக்கங்கள்.

2ⁿ − 1 என்ற வடிவத்து எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மாரென் மெர்சென் பிரான்சில் வாழ்ந்த துறவி. 1644இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார்: அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்குப் பகா எண் வரும், 257 வரை வேறு எதற்கும் வராது என்றார். எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று அவர் சொல்லவில்லை. அதில் 67உம் 257உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயின. ஆனாலும் பிழைகளுக்கு நடுவே 127 சரியாக உட்கார்ந்திருந்தது. அதைச் சரி என்று உலகம் தெரிந்துகொள்ள 232 ஆண்டுகள் ஆயின.

தெரிந்துகொண்டவர் எதுவார் லூகா. 1842இல் அமியான் நகரில் பிறந்தவர். பிரஷ்யாவோடு நடந்த போரில் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்துவிட்டு, பிறகு பள்ளிகளில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அவருடைய விளையாட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். மூன்று குச்சிகள்; ஒன்றில் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்கிய தட்டுகள்; ஒரு முறைக்கு ஒரு தட்டு வீதம், சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், எல்லாவற்றையும் வேறு குச்சிக்கு மாற்ற வேண்டும். ஹனாய் கோபுரம் என்பார்கள். 1883இல் அதை வெளியிட்டபோது அவர் தன் பெயரைப் போடவில்லை. சயாம் நாட்டுப் பேராசிரியர் கிளாஸ் என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டார். அந்தப் பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'அமியான் ஊர் லூகா' என்று வரும். காசியில் ஒரு கோவிலில் வைர ஊசிகளில் 64 தங்கத் தட்டுகள் இருப்பதாகவும், அர்ச்சகர்கள் இரவும் பகலும் அவற்றை மாற்றிக்கொண்டே இருப்பதாகவும், வேலை முடியும் நாளில் உலகம் முடியும் என்றும் அந்தப் புதிரோடு ஒரு கதையும் சேர்ந்து பரவியது.

ஒரு தட்டுக்கு ஒரு நகர்வு, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு ஏழு. n தட்டுகளுக்கு 2ⁿ − 1 நகர்வுகள். ஆக, 127 தட்டுகள் உள்ள கோபுரத்தை இடம் மாற்ற எத்தனை நகர்வுகள் வேண்டும் என்று யாராவது கேட்டால் என் சுவரைக் காட்டினால் போதும். தன் பெரிய எண்ணைக் கண்டுபிடித்து ஏழு ஆண்டுகள் கழித்து, அதே எண் குடும்பத்தைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டார் லூகா.

இனி அவருடைய முறைக்கு வருகிறேன்.

3இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள்: 7. மறுபடி வர்க்கம், மறுபடி 2 கழித்தல்: 47. இப்படியே போக வேண்டும். எண் பெரிதானால், நாம் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சோதிக்கும் எண் 2ⁿ − 1 என்றால், 3ஐ முதல் வரியாக வைத்து n − 1ஆவது வரியில் சுழி வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். (3இல் தொடங்குவது, 4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா அடுக்குகளுக்கு. 127 அப்படிப்பட்டது, 7உம் அப்படித்தான். 4இல் தொடங்கினால் எல்லா ஒற்றைப்படைப் பகா அடுக்குகளுக்கும் பொருந்தும். 1930களில் லெமர் என்ற அமெரிக்கர் இதை ஒழுங்குபடுத்தினார்.)

கோடி கோடி முறை வகுத்துப் பார்ப்பது அல்ல, 125 முறை வர்க்கப்படுத்துவது. 81 கோடி ஆண்டுகள் எங்கே, இது எங்கே! ஆனால் ஒவ்வொன்றும் 39 இலக்க எண்ணின் வர்க்கம். வருவது 77 இலக்கம் வரை போகும். அதை மறுபடி 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். காகிதத்தில் இதை 125 முறை பிழையில்லாமல் செய்வது மனிதரால் ஆகிற காரியமா? லூகா ஒரு வழி கண்டார். சதுரங்கப் பலகை மாதிரி, ஆனால் பக்கத்துக்கு 127 கட்டங்கள் உள்ள பலகை. எண்கள் இரும முறையில் காய்களாக அதன்மேல் உட்காரும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் காய் நகர்த்தும் ஆட்டமாகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 127க்குப் பதிலாக 7ஐ எடுத்துக்கொண்டேன். கட்டம் போட்ட தாளில் பக்கத்துக்கு ஏழு கட்டங்கள். காய்க்குப் புளியங்கொட்டை. பத்திகளுக்கு வலமிருந்து இடமாக 1, 2, 4, 8, 16, 32, 64 என்று மதிப்பு எழுதினேன். சோதிக்கப்போகும் எண் 2⁷ − 1 = 127.

3, 7, 47 மூன்றும் மனக்கணக்கிலேயே வந்துவிட்டன. 47ஐப் பலகையில் வைத்தேன்: 32, 8, 4, 2, 1 பத்திகளில் ஆளுக்கு ஒரு கொட்டை. இதை வர்க்கப்படுத்த வேண்டும். 47ஐ 47ஆல் பெருக்குவது என்றால் அதை 1, 2, 4, 8, 32 ஆகியவற்றால் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுவதுதானே. இரண்டால் பெருக்குவது எல்லாக் கொட்டைகளையும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளுவது. 64 பத்தியில் இருப்பது வெளியே விழுமே, அது என்ன ஆகும்? அதன் மதிப்பு 128 ஆகிறது. 127ஆல் வகுத்தால் 128இன் மீதி 1. எனவே வெளியே விழுந்த கொட்டை சுற்றிக்கொண்டு வலது ஓரத்தில் 1 பத்திக்கு வந்துவிடும்!

வகுத்தல் அவ்வளவுதான். இந்த முறையில் வகுப்பதே கிடையாது. இடது ஓரத்தில் போனது வலது ஓரத்தில் வருகிறது, அதிலேயே வகுத்தல் முடிந்துவிடுகிறது. 2¹²⁷ − 1க்கும் இதேதான், பலகைதான் அகலம்.

ஐந்து வரிகளில் ஐந்தைந்து கொட்டைகளாக 25 கொட்டைகள் வைத்தேன். இனிக் கூட்ட வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு கொட்டை இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை இடப்பக்கத்துப் பத்திக்கு நகர்த்த வேண்டும், ஏனென்றால் இரண்டு நான்குகள் ஓர் எட்டு. முதல் முறை நான் 64 பத்தியில் சேர்ந்த ஜோடியைப் பலகைக்கு வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன். அது சுற்றிக்கொண்டு 1க்கு வரவேண்டும் என்பதை மறந்துபோனேன். கடைசியில் சுழி வரவில்லை. 127 பகா எண் என்பது எனக்குத் தெரியும் என்பதால்தான் பிழை என் கையில் என்று புரிந்தது. லூகாவுக்கு அந்த வசதி கிடையாது. விடை தெரியாத எண்ணில் ஒரே ஒரு காய் தவறினால் 'பகு எண்' என்ற தவறான தீர்ப்பு வந்திருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாமல் போயிருக்கும். அதை நினைத்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் முறை கவனமாக நகர்த்தினேன். 25 கொட்டைகள் குறைந்து குறைந்து மூன்றில் நின்றன: 32, 16, 2 பத்திகளில். அதாவது 50. இரண்டைக் கழிக்க வேண்டும். 2 பத்தியில் இருந்த கொட்டையை எடுத்தேன். மிச்சம் இரண்டு: 48.

48ஐ வர்க்கப்படுத்த இரண்டு வரிகள், நான்கு கொட்டைகள். 2இல் ஒன்று, 4இல் இரண்டு, 8இல் ஒன்று. 4இல் இருந்த ஜோடி ஒன்றாகி 8க்குப் போனது. அங்கே ஏற்கெனவே இருந்ததோடு ஜோடி சேர்ந்து ஒன்றாகி 16க்குப் போனது. 2இல் ஒன்று, 16இல் ஒன்று. 2ஐ எடுத்தேன். 16இல் ஒற்றைக் கொட்டை மட்டும் மிஞ்சியது.

16ஐ வர்க்கப்படுத்த அந்த ஒரு கொட்டையை நான்கு கட்டம் நகர்த்த வேண்டும். 32, 64, சுற்றிக்கொண்டு 1, பிறகு 2. இப்போது 2 பத்தியில் நிற்கிறது. கழிக்க வேண்டியதும் 2. எடுத்தேன்.

பலகை காலி.

3, 7, 47, 48, 16, சுழி. ஆறாவது வரி. 127 பகா எண்.

காலியான தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 25 கொட்டைகள் பரவிக் கிடந்த இடம் அது. வேறு எந்த எண்ணாலும் அதை வகுத்துப் பார்க்காமல், அதைத் தொந்தரவே செய்யாமல், அதன் மேலேயே காய்களை ஓடவிட்டு அது உடையாது என்று தெரிந்துகொண்டாகிவிட்டது.

சுழி வந்தால் ஏன் பகா எண்? இதற்கான விளக்கம் கொஞ்சம் பொறுமை கேட்கும், ஆனால் கல்லூரிக் கணிதம் தேவையில்லை. 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று போகும் வரிசைக்கு ஃபிபனாச்சி என்ற பெயரை நிலைபெறச் செய்தவரே லூகாதான். அதற்கு ஓர் உடன்பிறப்பு வரிசை உண்டு: 1, 3, 4, 7, 11, 18, 29, 47. இதற்கு இன்று லூகா எண்கள் என்று பெயர். நம்முடைய 3, 7, 47 இந்த வரிசையில் 2ஆம், 4ஆம், 8ஆம் இடங்களில் நிற்கின்றன. ஒவ்வொரு வரியிலும் இடம் இரட்டிக்கிறது. இரு வரிசைகளுக்கும் ஓர் உறவும் உண்டு. ஓர் இடத்து ஃபிபனாச்சி எண்ணையும் அதே இடத்து லூகா எண்ணையும் பெருக்கினால் இரட்டிப்பு இடத்து ஃபிபனாச்சி எண் வரும். நான்காம் இடத்து 3ஐயும் 7ஐயும் பெருக்கினால் எட்டாம் இடத்து 21.

எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் ஃபிபனாச்சி வரிசையில் எங்கோ ஓர் இடத்தில் அதன் மடங்கு முதன்முதலாக வரும். 3க்கு நான்காம் இடம். 7க்கு எட்டாம் இடம். 11க்குப் பத்தாம் இடத்து 55. அதன் பிறகு அந்த இடத்தின் மடங்குகளில் மட்டும்தான் வரும். இந்த முதல் இடம் அந்தப் பகா எண்ணைவிட அதிகம் போனால் ஒன்றுதான் கூடுதலாக இருக்கும். அதற்கு மேல் தள்ளிப்போகவே போகாது.

இப்போது பெரிய பலகையில் 126ஆவது வரியில் சுழி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் எண்ணுக்கு ஏதோ ஒரு பகாக் காரணி இருக்கட்டும். க என்று வைப்போம். சுழி வந்ததால் 2¹²⁶ஆம் இடத்து லூகா எண்ணை க வகுக்கிறது. ஆகவே 2¹²⁷ஆம் இடத்து ஃபிபனாச்சி எண்ணையும் வகுக்கிறது. ஆனால் ஒரே இடத்து ஃபிபனாச்சி எண்ணுக்கும் லூகா எண்ணுக்கும் 2ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்காது. எனவே 2¹²⁶ஆம் இடத்து ஃபிபனாச்சி எண்ணை க வகுக்காது. அப்படியென்றால் க-வின் முதல் இடம் 2¹²⁷ஐ வகுக்க வேண்டும், 2¹²⁶ஐ வகுக்கக் கூடாது. அப்படி ஒரே ஓர் எண்தான் உண்டு: 2¹²⁷. முதல் இடம் க + 1ஐத் தாண்டாது என்று பார்த்தோம். ஆக, க குறைந்தது 2¹²⁷ − 1. நம் எண்ணின் காரணி நம் எண்ணைவிடப் பெரிதாக இருக்க முடியாதே! காரணி என்று நாம் தேடியது அந்த எண்ணேதான்.

இந்த வாதத்தை முதன்முறை கடைசிவரை தொடர்ந்து வந்தபோது மணி இரவு ஒன்றரை. மறுநாள் காலை பஸ்ஸில் ஒருமுறை மனதிலேயே ஓட்டிப் பார்த்தேன், ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

அதே 1876இல் லூகா 2⁶⁷ − 1ஐயும் சோதித்தார். அது பகு எண் என்று தெரிந்தது, மெர்சென் சொன்னது தவறு என்றும் தெரிந்தது. ஆனால் எந்த எண்கள் அதை வகுக்கும் என்று தெரியவில்லை. 1903இல் நியூயார்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல், கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டினார் என்பது கணிதர்கள் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. இருபத்தேழு ஆண்டுகள், 'உடையும், ஆனால் எங்கே உடையும் என்று தெரியாது' என்ற நிலையிலேயே அந்த எண் நின்றிருக்கிறது.

2¹²⁷ − 1இன் குணங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை அதன் அக்கம்பக்கத்து எண்களிலிருந்து வருகின்றன. மேல்வீட்டில் 2¹²⁷, இரண்டைத் தவிர வேறு எதுவும் இல்லாத வெறிச்சோடிய வீடு. கீழ்வீட்டில் கூட்டம். 2¹²⁷ − 2ஐ உடைத்தால் ஒரு 2, மூன்று 3கள், இரண்டு 7கள், பிறகு 19, 43, 73, 127, 337, 5419, 92737, 649657, கடைசியாக 77158673929. அந்தக் கூட்டத்தில் 127 நிற்பதைக் கவனியுங்கள். அது தற்செயலாக வந்தது இல்லை. இந்த எண்ணின் உலகத்தில், அதாவது இதனால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்கில், இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 127 படிகளில் சுற்றி ஒன்றுக்கே வந்துவிடும். அந்தச் சுற்றின் நீளம் கீழ்வீட்டு எண்ணை வகுத்தே ஆக வேண்டும்.

மேல்வீடு வெறிச்சோடி இருப்பதால் ஒரு வசதி உண்டு. இந்த எண்ணால் வகுத்து மீதி பார்க்கும் கணக்கில் ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் வேண்டுமா? அதையே 125 முறை வர்க்கப்படுத்துங்கள், வர்க்கமூலம் இருக்குமானால் வந்து நிற்கும். வர்க்கப்படுத்திக்கொண்டே போய் வர்க்கமூலத்தை அடைவது! கிழக்கே நடந்துகொண்டே இருந்து மேற்கில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்வது போல. 2015இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஃபோர்கியூ என்ற மறையாக்க வளைகோடு இந்த எண்ணின் மேல்தான் கட்டப்பட்டது. லூகாவின் பலகையில் காய் சுற்றி வந்ததே, அதே சுற்றுதான் அங்கே வேகத்தைத் தருகிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வகையிலும் இது தெரிந்த எண்: குறியுடன் கூடிய 128 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு இதுதான். பயனில்லாதவை என்று பார்லோ சொன்னாரே, அந்த வகையில் ஓர் எண் இது.

லூகா அறிவித்த அதே ஆண்டில் யூஜீன் கத்தலான் ஒரு வரிசையைச் சுட்டிக்காட்டினார். 2இல் தொடங்கினால் 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. அடுத்தது நம் எண். ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடுக்காக ஏறி நிற்கிறது. அடுத்த படியும் பகா எண்தானா? அதாவது, நம் எண்ணை அடுக்காக வைத்து 2ஐ உயர்த்தி ஒன்றைக் கழித்தால்?

யாருக்கும் தெரியாது. அந்த எண்ணில் உள்ள இலக்கங்களை எண்ணவே 38 இலக்க எண் வேண்டும். அதை எழுதி வைக்க உலகில் உள்ள எந்த நினைவகமும் போதாது. மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்தால் எப்போதும் பகா எண் வரும் என்ற நம்பிக்கையும் 1953இல் போய்விட்டது. 8191 என்பது 2¹³ − 1, பகா எண். ஆனால் 2⁸¹⁹¹ − 1 பகு எண் என்று இல்லியாக் என்ற கணிப்பொறி காட்டிவிட்டது. கத்தலானின் வரிசையில் ஆறாவது படி மட்டும் ஒரு பெரிய கேள்வியாக அப்படியே நிற்கிறது.

நம் எண் 75 ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. 1951இல் இயந்திரங்கள் அதை முந்தின. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணிப்பொறி கண்ட 79 இலக்க எண்ணும் இதையே வர்க்கப்படுத்தி, 180ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டிச் செய்ததுதான். 1952 ஜனவரி 30 அன்று ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் ஒரே நாளில் 521, 607 என்ற இரண்டு அடுக்குகளைப் பிடித்தது. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1இல் நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதையும் கடைசியில் உறுதிசெய்தது வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிக்கும் அதே கணக்குதான்.

லூகா அதையெல்லாம் பார்க்கவில்லை. 1891இல் ஒரு விருந்தில் பணியாளர் கையிலிருந்து தட்டு நழுவி உடைந்தது. தெறித்த சில்லு அவர் கன்னத்தைக் கீறியது. காயத்தில் தொற்று ஏற்பட்டுச் சில நாட்களில் இறந்துபோனார். வயது 49.

அவருடைய கணக்கின் கடைசிக்கு முந்தைய வரியைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சுழி வருவதற்கு முந்தைய வரியில் என்ன இருக்க முடியும் என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதை வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் சுழி வரவேண்டும். எனவே அது 2இன் வர்க்கமூலம். இந்த எண்ணின் உலகத்தில் 2இன் வர்க்கமூலம் 2⁶⁴, அல்லது அதன் எதிர்மறை. ஏனென்றால் 2⁶⁴இன் வர்க்கமான 2¹²⁸ சுற்றிக்கொண்டு 2க்கே வருகிறது. என் சிறிய பலகையில் 16இல் ஒற்றைக் கொட்டை நின்றதே, அதுதான் இது. 127 கட்டங்கள் உள்ள வரியில், வலமிருந்து 65ஆவது கட்டத்தில் மட்டும் ஒரு காய் நிற்கும்; அல்லது எல்லாக் கட்டத்திலும் காய் இருந்து அந்த ஒன்று மட்டும் காலியாக இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடந்துவிட்டு, 125ஆவது வரியில் திடீரென்று அப்படி ஒன்று வந்து நிற்கும். அந்த வரியைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துவிடும், அடுத்த வரியைப் போடவே வேண்டியதில்லை.

நான் இப்போது 2¹⁹ − 1ஐச் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பத்தொன்பது கட்டங்கள். இரண்டு தாள்களை ஒட்ட வேண்டியிருந்தது, புளியங்கொட்டையும் ஒரு டப்பா நிறையச் சேர்த்திருக்கிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வரி, முடிந்தால் இரண்டு. கணிப்பொறியில் விடையைப் பார்க்காமல் வைத்திருக்கிறேன். நேற்றிரவு பதினோராவது வரி முடிந்தது. பதினேழாவது வரியில் 1024 பத்தியில் ஒரே ஒரு கொட்டை நிற்க வேண்டும், அல்லது அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருக்க வேண்டும். இன்னும் ஆறு வரிகள்.